வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பது

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாசம் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அப்போதும் வேலை பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். வீடு முகப்பேரில், ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டில் இரண்டாவது மாடி. என் மனைவியைத் தவிர இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிப் பெருமைப்படுகிற சமாச்சாரமும் இல்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஒரே கம்ப்யூட்டருக்குள் பத்து கம்ப்யூட்டர் ஓடுவதுபோல் காட்டுகிற சாஃப்ட்வேர் உண்டு. அந்தப் பத்துக்கும் வர்ச்சுவல் மெஷின் என்று பேர். அதை ஓட்டுகிற பகுதி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலில், அதாவது அடிவயிற்றில் இருக்கும். நான் வேலை செய்வது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதலாம் என்று திறந்து வைத்திருக்கிற கர்னல். நாம் எழுதுகிற மாற்றத்தை பேட்ச் என்போம். அதை ஒரு பொது மெயில் லிஸ்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே உலகமே பார்க்க அதைப் பிரித்து மேய்வார்கள். தேறினால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஐரோப்பாக்காரர் சேர்த்துக்கொள்வார். சேர்ந்துவிட்டால் நம் பேர் கர்னலின் வரலாற்றில் அப்படியே நிற்கும், யாராலும் எடுக்க முடியாது.

அந்தப் பேருக்காகத்தான் எல்லாக் கூத்தும். எங்கள் பக்கத்தில், ஆவடியிலிருந்து போரூர் வரைக்கும் எடுத்துக்கொண்டால், இந்த வேலை தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் நான்தான் பெரிய ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் அள்ளிப் போட்டவர் பூந்தமல்லியிலிருந்து வந்தார்.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், எட்டு வருஷம் வேலைக்கே போகவில்லை. கணவருக்கு அலுமினியக் கதவு ஜன்னல் செய்கிற பட்டறை. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தானே படித்துத் தானே எழுத ஆரம்பித்திருக்கிறார். நான் எழுதிய புரோகிராமில், அதாவது என் கோடில், ஒரு சந்தேகம் கேட்டு எனக்கு மெயில் போட்டார். பதிலுக்குப் பதில் பேசியதில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது. ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கத்தில் ஒரு மாடி அறையில் மாசம் ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம், அதற்கு வந்தார். என்னை அண்ணா என்று கூப்பிட்டார். எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சி ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. நான் இரண்டு வருஷமாக ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வர்ச்சுவல் மெஷினின் நினைவகத்தைக் கையாளும் இடத்தில் ஒரு பெரிய பூட்டு இருக்கும். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதை மாற்றிப் பல பேர் ஒன்றாகப் போகும்படி செய்தால் எல்லாம் பறக்கும். நான் பதினோரு தடவை எழுதி அனுப்பினேன், பதினோரு தடவையும் திரும்பி வந்தது. இந்த அம்மணி ஏழு பேட்சில் அதை முடித்தார். மூன்றாவது தடவையே ஐரோப்பாக்காரர் சேர்த்துக்கொண்டார். அதோடு விட்டாரா, அழகான வேலை, படிக்கவே சந்தோஷமாக இருந்தது என்று நாலு வரி எழுதினார். எனக்கு அவர் எழுதியதெல்லாம் 'சேர்த்தாயிற்று, நன்றி' மட்டும்தான்.

அம்மணி என்பது நான் வீட்டில் அவருக்கு வைத்த பேர். உள்ளே எரிந்தது, அதனால் வைத்தேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னாடி போனை எடுத்து வரலாற்றில் அவர் பேரில் எத்தனை மாற்றம், என் பேரில் எத்தனை என்று பார்ப்பேன். என் கணக்கு நாற்பத்து மூன்றாக இருந்தபோது அவருடையது ஐம்பத்தொன்று. இது ஒரு வியாதி என்று தெரிந்தே பார்த்தேன். மனைவி ஒருநாள் கேட்டாள், "இன்னா, காலங்காத்தால அந்தம்மாவுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துகினு கீற?"

அப்போதுதான் அந்த ஆடி மாசம் வந்தது. ஆபீஸில் எங்களிடம் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது, அறுபத்து நாலு கோர், அதாவது ஒரே நேரத்தில் அறுபத்து நாலு வேலை பார்க்கும். அதில் புதுக் கர்னலைப் போட்டு நாற்பது வர்ச்சுவல் மெஷினைச் சேர்த்து ஓட்டினால், மூன்று நாலு மணி நேரத்தில் மொத்த மெஷினும் விழுந்தது, அதாவது அப்படியே செத்து நின்றது. எந்த மாற்றத்தால் விழுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு பாதியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்று நாள் ஓட்டினேன். புதன்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நின்றது. அம்மணியின் ஏழாவது பேட்ச்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கேண்டீனுக்குப் போய் இரண்டு சமோசா சாப்பிட்டேன். திரும்பி வந்து லிஸ்டுக்கு மெயில் எழுதினேன். ரொம்ப மரியாதையாக எழுதினேன். மரியாதையாகக் கழுத்தை அறுக்க இங்கிலீஷ் மாதிரி தோதான பாஷை கிடையாது. இந்த அளவு முக்கியமான மாற்றத்தை இன்னும் பரவலாகச் சோதித்திருக்கலாமோ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஐரோப்பாக்காரர் பதில் போட்டார். புது வெளியீடு நெருங்கிவிட்டது, திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் ஏழு பேட்சையும் எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அம்மணி எனக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று தயாராக இருந்தேன். அவரோ நன்றி சொன்னார். நல்லவேளை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், இல்லாவிட்டால் எத்தனை பேர் மெஷின் விழுந்திருக்கும் என்றார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவரை இந்த வேலைக்கே வீட்டிலிருந்து எடுத்துக்கொள்வதாக இருக்கிறது. இன்டர்வியூ எல்லாம் முடிந்துவிட்டது. இந்த ஏழு பேட்சும் வெளியீட்டில் வந்தால் ஆர்டர், வராவிட்டால் வேறு ஆள். வீட்டில் இந்த ஒரு வருஷம்தான் அவகாசம் வாங்கியிருந்தாராம். இது தவறினால் லேப்டாப்பை மூடிவிட்டு பட்டறைக்குப் போய் பில் போட வேண்டியதுதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை இன்னும் ஒரு சுற்று ஏறியது. பன்னிரண்டு வருஷமாக எஸ்டேட்டுக்கு பஸ்ஸில் போய் வருகிற எனக்கு அப்படி ஒரு கம்பெனியும் மெயில் போட்டதில்லை.

உங்கள் மெஷினில் மட்டும்தான் விழுகிறது, அதனால் இதைப் போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு சின்ன பேட்ச் அனுப்பினார். உள்ளே யார் நுழைகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி வைக்கிற பேட்ச். வெள்ளிக்கிழமை காலையில் ஏழு மணிக்கே ஆபீஸுக்கு வந்து ஓட்டினேன். பதினொரு மணிக்கு மெஷின் விழுந்தது. எழுதி வைத்ததைப் படித்தேன். கடைசி வரியில் இருந்தது அவர் எழுதிய கோடு இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது.

எப்படிச் சொன்னால் புரியும்? நாங்கள் முன்னே அம்பத்தூரில் ஒண்டுக்குடித்தனம் இருந்தபோது ஆறு வீட்டுக்கு ஒரே பாத்ரூம். உள்ளே போனால் தாழ்ப்பாள் போட வேண்டும். சோப்பை மறந்துவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்து வீட்டுக்கு ஓடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, நடுவில் யாருமே நுழைந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வது மாதிரி ஒரு கோடை நான் எழுதி வைத்திருந்தேன். நடுவில் ஒரு நொடி பூட்டைத் திறந்துவிட்டு மறுபடியும் பூட்டினேன். கூட்டம் மெதுவாக நகர்ந்த காலத்தில் யாரும் அந்த நொடியில் நுழையவில்லை. அம்மணி வரிசையை வேகப்படுத்தியதும் நுழைந்துவிட்டார்கள். தப்பு முழுக்க என்னுடையது. அவருடைய ஏழாவது பேட்சில் ஒரு எழுத்துக்கூட தப்பில்லை.

சரி செய்ய எனக்கு இருபது நிமிஷம் பிடித்தது. பழக்கதோஷத்தில் அதை என் மெஷினிலேயே ஒரு மாற்றமாகப் பதிந்தும் வைத்தேன். இனி மெயில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் லிஸ்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. பழுதைச் சரி செய்கிற பேட்சில், அந்தப் பழுது யார் எழுதிய எந்த மாற்றத்தால் வந்தது என்று ஒரு வரி போட வேண்டும். அதில் என் பேர் வரும். இரண்டு நாளைக்கு முன்னால் இன்னும் சோதித்திருக்கலாமோ என்று கேட்ட அதே ஆளின் பேர். லிஸ்டில் உள்ள அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து போனில் அம்மணியின் மெசேஜ், "அண்ணா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் ஓடிட்டிருக்கு" என்று பதில் போட்டேன்.

அந்த ஒரு பொய்யை வைத்து மூன்று நாள் ஓட்டினேன். சாயங்காலம் மெஷின் விழுந்தது, ஆனால் எதுவும் பதிவாகவில்லை என்றேன். சனிக்கிழமை முழுக்க அவர் சந்தேகம் கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, உதவுகிறவன் மாதிரி, எங்கேயோ வேறு பக்கம் கையைக் காட்டிப் பதில் சொன்னேன். திங்கட்கிழமை தானாகக் கடந்து போகட்டும், பிறகு ஒரு மாசம் கழித்து நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. அப்படி ஒரு ஆள் எனக்குள் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வானகரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. வீட்டு வாசலில் அம்மணியும் அவர் கணவரும் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். போனில் பேசினால் சரிப்படவில்லை, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு வந்தாராம். கையில் லேப்டாப் பை, ஒரு டப்பா தம்ரூட் ஸ்வீட். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆபீஸ் மெஷினுக்குள் நுழைய வழி கொடுக்க முடியுமா என்று கேட்டார். வெளியாட்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்றேன். அது ஒன்று மட்டும் உண்மை.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அவர் கணவர் பால்கனியில் நின்றுகொண்டார். மனைவி டீ போட்டாள், நான் எடுத்து வந்து கொடுத்தேன். அம்மணி மொத்தக் கோடையும் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். தான் எழுதியதை மூன்று தடவை படித்தார். மற்றவர்கள் எழுதியதைப் படித்தார். பக்கத்தை உருட்டிக்கொண்டே வந்து என் கோடு இருக்கிற இடத்துக்கு வந்தார். எனக்குள்ளே பார்த்துவிடு, பார்த்துவிடு என்று ஒரு பக்கம், பார்க்காதே என்று ஒரு பக்கம்.

"இது நீங்க எழுதினது, இதுல ஒண்ணும் இருக்காதுண்ணா" என்று சொல்லிவிட்டு அப்படியே தாண்டிக் கீழே போய்விட்டார்.

நான் தம்ரூட்டை வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஐந்து வார்த்தை போதும். திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் லேப்டாப்பை மூடினார். என்னால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் கெட்டது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் எனக்கு மீன் குழம்பு இறங்கவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டாள், இரண்டாவது தடவை கேட்டபோது சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"நம்ம ஊட்ல உக்காந்துகினு அழாத குறையா தேடிச்சே அந்தம்மா. தெரிஞ்சுகினேதான் நீ டீ எடுத்துகினு வந்து குடுத்தியா?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்குப் பிறகாவது உடனே மெயில் அனுப்பினேன் என்று சொல்ல ஆசைதான். அனுப்பவில்லை. நாளைக்குக் காலையில் ஆபீஸில் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை பத்தரைக்கு சீட்டில் உட்கார்ந்து லிஸ்டைத் திறந்தேன். ஐரோப்பாக்காரர் இன்னும் எழுந்திருக்க மாட்டார். ஆனால் அம்மணியின் மெயில் இருந்தது. நாலு நாள் தேடியும் என்னால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, எனக்காக மற்றவர்கள் மெஷின் விழக் கூடாது, ஏழு பேட்சையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று அவரே கேட்டிருந்தார். கீழே என் பேரைப் போட்டு, வாரக் கடைசி முழுக்கப் பொறுமையாக உதவியதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

அந்த நன்றி என்னைச் செருப்பால் அடித்தது. இதற்கு மேல் உட்கார முடியவில்லை. அவசரத்தில், பேட்சைப் பிரித்து மெயிலாக அனுப்புகிற வழக்கமான வேலையைக்கூடச் செய்யாமல், என் மெஷினில் பதிந்து வைத்திருந்ததை அப்படியே பொதுவில் ஏற்றினேன். அவருடைய மாற்றத்தில் தப்பே இல்லை, தப்பு ஐந்து வருஷமாக என் கோடில் இருக்கிறது, எடுக்க வேண்டாம், இங்கிருந்து இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி லிங்க்கைக் கொடுத்தேன். என் பேரைச் சொல்கிற அந்த வரியும் அதில் இருந்தது. எப்போது கண்டுபிடித்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு ஐரோப்பாக்காரர் பதில் வந்தது. ஏழு பேட்சும் இருக்கட்டும், உங்களுடையதையும் சேர்த்துவிட்டேன் என்றார். அதோடு நிற்கவில்லை. தன் தப்பைத் தானே இப்படி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு, இந்த லிஸ்டில் எல்லாரும் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏழு வரி எழுதியிருந்தார். பன்னிரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. ஆபீஸில் கைகுலுக்கினார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு அம்மணியின் போன். நான் சொன்ன இடத்தில் வேண்டுமென்றே ஒரு தாமதத்தைப் புகுத்தித் தன் லேப்டாப்பிலேயே கர்னலை விழ வைத்தாராம். பிறகு என் மாற்றத்தைப் போட்டதும் விழவில்லையாம். நல்லது என்றேன்.

"வெள்ளிக்கிழமை பதினொண்ணு நாப்பதுன்னு போட்டிருக்கு" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது. நம் மெஷினில் ஒரு மாற்றத்தைப் பதிந்த நிமிஷமே, அந்தத் தேதியும் நேரமும் அதோடு ஒட்டிக்கொள்ளும். மெயிலாக அனுப்பினால் அனுப்பிய நேரம்தான் தெரியும். நான் பதிந்ததை அப்படியே ஏற்றிவிட்டேன். இந்த வேலையில் கத்துக்குட்டிக்குக்கூட இது தெரியும்.

"ஆமா" என்றேன்.

"நான் உங்க வீட்டுக்கு வந்தது ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"சரி சார். நல்லா ஓடுது. சோதிச்சுட்டேன்னு என் பேரைப் போட்டு லிஸ்ட்ல சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டார். சொன்னபடியே லிஸ்டில் ஒரு வரி எழுதினார். அந்த நேரத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. எழுதியிருந்தால் என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவருக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது அந்தப் பகுதிக்கு வருகிற பேட்சுகளை அவர்தான் முதலில் பார்க்கிறார், என்னுடையதையும். நியாயமாகப் பார்க்கிறார். நல்லதாக இருந்தால் சேர்க்கிறார், ஓட்டை இருந்தால் சொல்கிறார். என் கோடை இப்போது ஒரு வரி விடாமல் படிக்கிறார். ஐயப்பன்தாங்கல் கூட்டத்தில் ஒருமுறை தனியாகப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் புது பேட்சில் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் இன்னமும் போனை எடுத்து எண்ணத்தான் செய்கிறேன், அவர் எண்ணிக்கை எங்கேயோ போய்விட்டது. மற்றவர்கள் இன்னும் என்னிடம் அந்த ஏழு வரியைச் சொல்லிப் பாராட்டும்போது நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன். கோடில் இருந்த ஓட்டையை அடைக்க எனக்கு இருபது நிமிஷம்தான் ஆயிற்று, அதைச் சொல்லாமல் வைத்திருந்த மூன்று நாளை அடைக்க இன்றைக்கு வரைக்கும் எனக்கு வழி தெரியவில்லை.